பளபளப்பு எங்கும் போய்விடவில்லை

பழைய மோட்டார் ஹோம் வாங்கப் போகிறவர்கள், வெளிப்பக்கம் மங்கி வெளுத்திருப்பதைப் பார்த்து முகம் சுளித்துத் திரும்பிவிடுவதைக் காணும்போதெல்லாம், ஓடிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்தலாமா என்று தோன்றும். என்ஜினைப் பாருங்கள், கூரை ஒழுகுகிறதா என்று பாருங்கள், தரை மெத்தென்று அமுங்குகிறதா என்று மிதித்துப் பாருங்கள். மங்கலுக்காக மட்டும் வண்டியை விட்டுவிடாதீர்கள். அந்தப் பளபளப்பு எங்கும் போய்விடவில்லை. உள்ளேதான் இருக்கிறது. எங்கள் வண்டியில் அதை என் கையால் வெளியே எடுத்திருக்கிறேன். இந்த வேலையில் கிடைக்கும் சந்தோஷம், அந்த வண்டியில் போகும் பயணங்களுக்குச் சற்றும் குறைந்ததில்லை என்று சத்தியம் செய்து சொல்வேன்.

முதலில் ஒரு சோதனை. வண்டியின் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்து ஒரு இழு இழுங்கள். கை வெள்ளையாக வருகிறதா? நல்லது. ஃபைபர் கிளாஸ் சுவரின் மேல் இருக்கும் வழவழப்பான பூச்சுக்கு ஜெல்கோட் என்று பெயர். இது கார் பெயிண்ட் மாதிரி அடித்தது கிடையாது. பாலியெஸ்டர் பிசினில் நிறமி கலந்து, ஃபைபர் கிளாஸோடு சேர்த்தே வார்ப்பது. வெள்ளை வண்டி என்றால் நிறமி பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பிசினை மேலாக அரிக்க அரிக்க, பிடிமானம் போன நிறமி தூளாக உதிர்ந்து மேலே நிற்கிறது. கையில் ஒட்டுவது அந்தத் தூள். மேல்பரப்பு சொரசொரத்துப் போவதால் விழுகிற வெளிச்சம் நாலா பக்கமும் சிதறுகிறது, நம் கண்ணுக்கு மங்கலாகப் படுகிறது. கெட்டுப்போனது மிக மெல்லிய மேல்தோல் மட்டும்தான். அச்சில் வார்த்த முகப்புப் பகுதியில் ஜெல்கோட் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். கார் பெயிண்டின் மேல் இருக்கும் கிளியர் கோட் அதில் பத்தில் ஒரு பங்குதான் தேறும். அவ்வளவு சரக்கு கையிருப்பில் இருக்கும்போது கவலைப்பட என்ன இருக்கிறது?

எங்களுடையது கிளாஸ் சி வகை வண்டி. ஃபோர்ட் ஈ-450 அடிச்சட்டத்தின் மேல் வீட்டைக் கட்டி, டிரைவர் தலைக்கு மேல் ஒரு படுக்கையைத் துருத்திக்கொண்டு நிற்க வைத்த அமைப்பு. இருப்பது ஹூஸ்டன் புறநகரில். ஒரு வண்டியின் தோலுக்கு எத்தனை எதிரிகள் உண்டோ அத்தனையும் இங்கே குடியிருக்கின்றன. வருஷத்தில் பாதிக்கு மேல் சுட்டெரிக்கும் வெயில், வளைகுடாவின் ஈரக்காற்று, மார்ச்சில் லைவ் ஓக் மரங்கள் கொட்டும் மஞ்சள் மகரந்தம், கால்வெஸ்டன் கடற்கரையில் ஒரு ராத்திரி நிறுத்தினால் கண்ணாடியில் படியும் உப்பு. இதையெல்லாம் தாங்கி நம்மைத் தூங்க வைக்கிற வண்டிக்கு நாம் என்ன செய்கிறோம்?

வேலையைக் கூரையிலிருந்து தொடங்குங்கள். பக்கச் சுவரை மாங்கு மாங்கென்று தேய்த்துவிட்டு, அடுத்த மழையிலேயே மறுபடி கறுப்புக் கோடு வழிந்திருக்கிறதே என்று புலம்புகிற எத்தனையோ பேரைக் காம்ப் கிரவுண்டுகளில் பார்த்திருக்கிறேன். அந்தக் கோடுகள் வருவது மேலிருந்து. நிறைய வண்டிகளுக்கு ஈ.பி.டி.எம். என்ற ரப்பர் கூரை. வயதாக ஆக அதுவும் தூள் தட்டும். அந்தத் தூளும் மேலே தேங்கிய அழுக்கும் மகரந்தமும் சேர்ந்து, மழை பெய்யும்போது ஓரத்துக் காடியில் ஓடி, அதன் முனையில் சுவரோடு ஒட்டி வழிகின்றன. கூரையை மிதமான சோப்பும் மெத்தென்ற பிரஷும் வைத்துக் கழுவுங்கள். பெட்ரோலிய எண்ணெய், ஆரஞ்சுத்தோல் எண்ணெய் கலந்த கிளீனர் எதுவும் ஈ.பி.டி.எம். பக்கமே போகக் கூடாது, ரப்பர் உப்பிவிடும். ஈரக்கூரை பயங்கரமாக வழுக்கும். அதனால் முடிந்த மட்டும் ஏணியில் நின்று நீளக்கழியால் தேய்ப்பதே என் வழக்கம். மேலே போகிற சாக்கில் காற்றுத் துவாரங்கள், ஓரங்களைச் சுற்றிப் போட்டிருக்கும் சீலன்ட் வெடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். அதற்காகவே கூரை கழுவுவது எனக்குப் பிடிக்கும்.

இங்கே ஒரு சின்னச் சாமானைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். காடியின் நான்கு முனைகளிலும் மாட்டும் பிளாஸ்டிக் மூக்கு. ஒரு ஜோடி செருப்பு விலைகூட இருக்காது. மாட்டினால் மழைத்தண்ணீர் சுவரில் வழியாமல் சில அங்குலம் தள்ளி விழும். மாட்டிய பிறகு வந்த முதல் மழையில், வாசல் படியில் உட்கார்ந்து நாலு மூலையிலும் தண்ணீர் தனியாகத் தள்ளிக் கொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியோடு இதைச் சேர்த்தே ஏன் கொடுப்பதில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கழுவுவதில் பெரிய வித்தை இல்லை. இரண்டு வாளி: ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். சுவரைத் தேய்த்த கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி சோப்பில் முக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் இருந்த மண்ணை எடுத்து அதே சுவரில் கோடு கிழிப்போம். மேலிருந்து கீழ். பிரஷர் வாஷரைத் தூரப் பிடிக்கலாம், இணைப்புகளிலும் ஜன்னல் ஓரத்திலும் ஸ்டிக்கர் விளிம்பிலும் பக்கத்தில் கொண்டுபோய் அடிக்கவே கூடாது. இந்தச் சுவர் என்பது மெல்லிய ஃபைபர் கிளாஸ் தகடு, அதன் பின்னால் ஒட்டுப்பலகை, நடுவில் நுரை என்று பசை போட்டு ஒட்டிய அடுக்கு. உள்ளே தண்ணீர் புகுந்தால் பசை விட்டு, தகடு உப்பிக்கொள்ளும். அதைச் சரிசெய்ய எந்தப் பாலிஷும் உதவாது.

எங்கள் குடியிருப்புச் சங்கம் வீட்டு வாசலில் மோட்டார் ஹோமை நிறுத்த விடாது. டெக்ஸஸ் புறநகர்களில் இது சாதாரணம். அதனால் என் பட்டறை, வாலர் பக்கம் நண்பர் ஒருவரின் நிலம். புல்தரை, ஒரு தகரக் கொட்டகை, மின்சாரம், தண்ணீர். இன்னொரு நன்மையும் உண்டு. தெருவில் கழுவினால் சோப்புத் தண்ணீர் மழைநீர் வடிகால் வழியாகச் சுத்திகரிக்கப்படாமலே ஓடைக்குப் போய், கடைசியில் கால்வெஸ்டன் விரிகுடாவில் சேரும். புல்தரையில் அது மண்ணோடு போய்விடுகிறது.

இனி வருவதுதான் இந்த வேலையின் உச்சம்!

நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் ஒரு குளிர்ந்த காலை. கெட்ட மேல்தோலைத் தேய்த்தெடுக்கும் பசைக்குக் காம்பவுண்ட் என்று பெயர். சூடான சுவரில் அது காய்ந்து ஒட்டிக்கொள்ளும், அதனால் நிழல் முக்கியம். வண்டியைத் தெற்கு வடக்காக நிறுத்தினால் காலையில் மேற்குப் பக்கம் நிழல், பிற்பகலில் கிழக்குப் பக்கம். சூரியனைச் சுற்றி நாமும் சுற்ற வேண்டியதுதான். கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் ஓரங்கள் எல்லாவற்றுக்கும் பெயிண்டர்கள் போடும் நீல டேப்பை ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் அவற்றில் ஏறிய வெள்ளைக்கறை லேசில் போகாது. பிறகு அதே டேப்பால் இரண்டடிக்கு இரண்டடி ஒரு சதுரம் கட்டுங்கள். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

சுழல் பாலிஷரில் கம்பளிப் பட்டையை மாட்டி, காம்பவுண்டைச் சுவரில் நாலு பொட்டாக வைத்து, மெஷினை ஓட்டாமலே முதலில் தடவிப் பரப்ப வேண்டும். பிறகு குறைந்த வேகத்தில், இடமிருந்து வலமாக ஒரு சுற்று, மேலிருந்து கீழாக ஒரு சுற்று, ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மிதித்துக்கொண்டு. மெஷினின் கனமே போதும், அழுத்த வேண்டாம். முதலில் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் பரப்பு, ஓட்ட ஓட்டத் தெளியும். சூடேறிய பிசினின் லேசான நெடி வரும். பட்டையில் வெள்ளைத்தூள் ஏறி இறுகும், அதை அவ்வப்போது பிரஷால் கோதிவிட வேண்டும். நிறுத்தி மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால், எதிரில் நிற்கும் பிக்கப்பின் நம்பர் பிளேட் சுவரில் இடம்வலம் மாறித் தெரிகிறது. பக்கத்துச் சதுரத்தில் பிக்கப்பே தெரியவில்லை, ஏதோ கறுப்பாக நிற்கிறது என்பதோடு சரி. டேப்பை உரித்ததும் இந்தப் பக்கம் சுண்ணாம்பு, அந்தப் பக்கம் கண்ணாடி. அந்த எல்லைக்கோட்டை விரலால் தடவிப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வார்த்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி!

இதை நம்புவதற்கு முன் ஒரு கண்டிப்பான சோதனையும் உண்டு. காம்பவுண்டில் இருக்கும் எண்ணெய் சொரசொரப்பை நிரப்பி, பொய்யான மினுக்கைக் காட்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து ஒரு துணியில் நனைத்துத் துடையுங்கள். எண்ணெய் போன பிறகும் நம்பர் பிளேட் படிக்க முடிந்தால் அது நிஜமான பளபளப்பு. மங்கினால் இன்னொரு சுற்று. எங்கள் வண்டியில் டிரைவர் தலைக்கு மேல் துருத்தும் அந்த நெற்றிதான் வானத்தைப் பார்த்தே சாய்ந்திருந்து மிக மோசமாக வெந்திருந்தது. அங்கே காம்பவுண்ட் மட்டும் போதவில்லை. 1000, 1500, 2000 என்று ஒன்றை விட ஒன்று நைசான தண்ணீர் உப்புத்தாளால் கையால் மெதுவாகத் தேய்த்துவிட்டு, பிறகு காம்பவுண்ட், அப்புறம் ஃபோம் பட்டையில் பாலிஷ். அச்சில் வார்த்த கனமான முகப்பு என்பதால்தான் அங்கே தாள் வைத்தேன். மெல்லிய பக்கத் தகடுகளில் அதைத் தொடுவதற்கு முன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

ஒரு குறுக்கு வழி ரொம்பப் பிரபலம். தரைக்குப் போடும் அக்ரிலிக் பாலிஷை வாங்கி, மங்கிய சுவரில் நாலைந்து பூச்சுப் பூசிவிடுவது. உடனே மினுங்கும், மறுக்க மாட்டேன். ஆனால் அது சொரசொரப்பை மூடுகிற ஒரு திரை. நாளாக ஆகப் பழுத்து, செதிலாக உரியத் தொடங்கினால் அதை எடுக்கிற பாடு காம்பவுண்ட் போடுவதைவிடப் பல மடங்கு. அடியிலேயே அசல் பளபளப்பு காத்திருக்கும்போது மேலே ஏன் ஒரு போலியைப் பூச வேண்டும்?

வெளியே எடுத்த பளபளப்பை அப்படியே விட்டால் ஹூஸ்டன் வெயில் வேலையைத் திரும்பவும் ஆரம்பித்துவிடும். அங்கேதான் மெழுகு வருகிறது. கார்னாபா மெழுகு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்த டப்பாவின் மேல் எனக்குத் தனிப் பிரியம். பிரேசிலின் வடகிழக்கில், சியாரா, பியாவி மாநிலங்களில் வளரும் ஒரு பனை அது. நம் பனையைப் போலவே விசிறி ஓலை. வறட்சிக் காலத்தில் தன் ஈரம் வெளியே போகாமலிருக்க ஓலையே சுரந்து மூடிக்கொள்ளும் படலம்தான் மெழுகு. ஓலையை வெட்டிக் காயவைத்து, தட்டி உதிர்த்து எடுக்கிறார்கள். உருக வேண்டுமென்றால் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் போக வேண்டும். இயற்கை மெழுகுகளிலேயே மிகக் கடினமானவற்றில் ஒன்று. வெயிலிலிருந்து தன் ஓலையைக் காக்க ஒரு பனை செய்துகொண்டது, இன்னொரு கண்டத்து வெயிலில் என் வண்டியைக் காக்கிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

கார்னாபாவின் மினுக்குக்கு ஈடு கிடையாது. ஆனால் டெக்ஸஸ் கோடையில் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். பாலிமர் சீலன்ட் பல மாதம் தாக்குப்பிடிக்கும். அதனால் நான் இரண்டையும் போடுகிறேன்: வண்டி முழுக்க முதலில் பாலிமர், அது நன்றாகப் பிடித்த பிறகு முகப்புக்கு மட்டும் மேலே கார்னாபா. மக்வயர்ஸ் கம்பெனியின் படகு மெழுகுதான் என் கைக்குப் பழகியது. 1901-இல் ஃப்ராங்க் மக்வயர் மரச்சாமான் பாலிஷ் காய்ச்சத் தொடங்கி வளர்ந்த கம்பெனி, இன்று 3எம் வசம் இருக்கிறது. படகும் ஜெல்கோட், மோட்டார் ஹோமும் ஜெல்கோட் என்பதால் கார் அலமாரியை விடப் படகு அலமாரியில்தான் நமக்கு வேண்டியது கிடைக்கும். செராமிக் கோட்டிங் போடச் சொல்லிப் பலர் வற்புறுத்துகிறார்கள். நல்ல பொருள்தான், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய காம்பவுண்ட், பாலிஷ் எல்லாம் இதேதான். அதோடு, வருஷத்துக்கு இரண்டு தடவை வண்டியின் ஒவ்வோர் அங்குலத்தையும் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். விரிசல் விட்ட சீலன்ட், தளர்ந்த திருகு, எல்லாம் மெழுகு போடும் கையில்தான் தட்டுப்படும்.

டிரைவர் கேபின் மட்டும் தனிக் கதை. அது தகரம், ஃபோர்ட் தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட், மேலே மெல்லிய கிளியர் கோட். அங்கே கம்பளிப் பட்டை வேண்டாம், ஃபோம் பட்டையும் லேசான பாலிஷும் போதும். வினைல் ஸ்டிக்கர் கோடுகளில் மெஷினே படக் கூடாது. அவற்றுக்கும் டயருக்கும் ரப்பருக்கும் 303 புரொடெக்டன்ட் என்ற காப்புத் திரவத்தைத் தெளித்துத் துடைத்தால் சரி.

இத்தனையும் செய்து என்ன கண்டோம் என்று கேட்பவர்களை மே மாதத்திலோ செப்டம்பரிலோ ஐ-10 சாலையில் லூசியானா நோக்கி என்னோடு வரச் சொல்வேன். அது லவ்பக் பருவம். 1940-இல் ஹார்டி என்ற பூச்சியியலாளர் முதலில் விவரித்த கறுப்புச் சின்னப் பூச்சி, நெஞ்சில் சிவப்பு. ஆணும் பெண்ணும் ஒட்டிக்கொண்டே ஜோடி ஜோடியாகப் பறக்கும். வண்டிப்புகையும் சூடும் அவற்றை இழுப்பதால் நெடுஞ்சாலையில்தான் கூட்டம். ஒரு மணி நேர ஓட்டத்தில் எங்கள் வண்டியின் நெற்றி கறுத்துவிடும். நசுங்கிய பூச்சி ஒரு நாள் ஒட்டியிருந்தாலே அமிலத்தன்மை ஏறிப் பூச்சை அரிக்கத் தொடங்கும். மெழுகு இல்லாத நாட்களில் சுரண்டிச் சுரண்டிக் கை ஓய்ந்துபோகும். இப்போது? சாயங்காலம் காம்ப் போட்டதும் ஈரத்துணியை ஐந்து நிமிஷம் போர்த்திவிட்டு ஒரு இழு இழுத்தால் மொத்தமும் துணியோடு வந்துவிடுகிறது. பக்கத்து இடத்தில் நிறுத்தியிருந்த வயதான தம்பதி தங்கள் வண்டியை விட்டுவிட்டு என் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டப்பாவை எடுத்துக் கொடுத்து, அவர்களுடைய முகப்பில் ஒரு சதுரம் போட்டும் காட்டினேன்.

பேர்லண்ட் மீனாட்சி கோயிலுக்கு ஆயுத பூஜைக்கு வண்டியைக் கொண்டுபோனபோது அடுத்த சந்தோஷம். ஜெல்கோட் மங்கிச் சொரசொரத்துக் கிடந்த காலத்தில், முகப்பில் வைத்த மஞ்சளும் குங்குமமும் உள்ளே இறங்கி, கழுவிய பிறகும் நாள்கணக்கில் பழுப்பாக நிற்கும். இந்த முறை மறுநாள் ஈரத்துணி பட்டதும் வழித்துக்கொண்டு போய்விட்டது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “பழசைக் கொடுத்துட்டுப் புதுசு வாங்கிட்டியாடா?” என்றார். “அதே வண்டிதாம்மா” என்றேன். நம்பாமல் உள்ளே ஏறி, போன முறை தான் ஒட்டிவிட்டுப் போன பிள்ளையார் படம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

அன்றைக்குக் கோயிலில்தான் நம்ம ஊர்த் தம்பி ஒருவர் பிடித்துக்கொண்டார். பழைய டிரெய்லர் ஒன்று வாங்கியிருக்கிறாராம். “அண்ணா, வண்டி சுத்தமா வெளுத்துப் போயிருக்கு. கடையில கேட்டா முழுசா பெயிண்ட் அடிக்கணும்னு சொல்றாங்க. அந்தக் காசுக்கு இன்னொரு டிரெய்லரே வாங்கிடலாம் போலிருக்கு.”

“கையை வச்சு இழுத்துப் பாத்தீங்களா தம்பி? தூள் வருதா?”

“கொட்டுதுண்ணா.”

“அப்ப பெயிண்டெல்லாம் வேணாம். வர்ற சனிக்கிழமை காலையில ஏழு மணிக்கு வாலர் வந்துடுங்க, டிரெய்லரைத் தெற்கு வடக்கா நிறுத்திடலாம். மெஷினும் காம்பவுண்டும் என்கிட்ட இருக்கு. கம்பளிப் பட்டை ரெண்டும் நீல டேப்பும் மட்டும் வாங்கிட்டு வாங்க. நல்ல டேப்பா பாத்து வாங்குங்க, மலிவானது பசையை அங்கேயே விட்டுட்டு வந்துரும்.”